கொடுக்கவும் வேண்டும், வாழவும் வேண்டும்: வன்னியில் சம்பளக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

சம்பளம் வந்த கிழமையில் படலையில் யாராவது வந்து நிற்பார்கள். கொடுத்தால் மாதக் கடைசி இழுபடும். கொடுக்காவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது. வன்னியில் மாதச் சம்பளம் எடுக்கிற ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர், கூட்டுறவுச் சங்க ஊழியர் எல்லோரும் இந்த நிலைமையை அறிவார்கள்.

எங்கள் ஊரில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிற ஒரு சிறு நிதியின் கணக்கைப் பார்த்து வருகிறேன். புதிதாகக் கொடுக்கத் தொடங்குகிறவர்கள் எங்கே தடக்குப்படுகிறார்கள் என்பது அந்தக் கொப்பியிலேயே தெரியும். முதல் சில மாதம் பெரிய தொகை, பிறகு பாதி, பிறகு பெயருக்கு நேரே வெறும் கட்டம். எல்லோரும் மனமுள்ளவர்கள். ஒழுங்கைத்தான் மாற்றிச் செய்துவிட்டார்கள்.

சரியான ஒழுங்கில் தொகை முதலில் வரும், ஆள் பிறகு வருவார். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தொகையை முடிவெடுத்தால் ஒன்றில் கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். இரண்டும் பிறகு உறுத்தும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு 80 பக்கக் கொப்பி. கடைசி 3 மாதச் சம்பளத் துண்டுகள். கரண்ட் பில், போன் பில். நகை அடகில் இருந்தால் அந்தத் துண்டு, லீசிங் இருந்தால் தவணைப் புத்தகம், சீட்டுப் பிடித்தால் அதன் கணக்கு. கடந்த ஒரு வருடத்தில் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கும் மட்டும் எழுதிய ஒரு தாள்.

வீட்டில் மற்றவரும் கூட உட்கார வேண்டும். கணவன் தன் தம்பிக்கு ஒளித்துக் கொடுப்பார், மனைவி தன் தாய்க்கு ஒளித்துக் கொடுப்பார். ஒருநாள் இரண்டும் வெளியே வரும்போது சண்டை வீட்டுக்குள் நடக்கும், காசு வாங்கியவரின் தலையில் பழி விழும். உதவி பெற்ற ஒருவரைப் பழிக்கு ஆளாக்குவதைவிட உதவாமல் இருந்திருக்கலாம்.

சம்பளம் வந்த அடுத்த நாளும் யாராவது கேட்டு வந்த நாளும் இதற்கு உகந்தவை அல்ல. மாத நடுவில் ஒரு போயா நாள் பின்னேரம் உட்காருங்கள். கையில் காசு நிறைந்தும் இல்லாமல், முற்றாக வற்றியும் இல்லாமல் இருக்கிற நேரத்தில் எடுக்கிற முடிவுதான் நிற்கும்.

2. கடமையைத் தானத்திலிருந்து பிரித்தெடுங்கள்

அநேகமானோர் தாண்டிப் போகிற படி இது. மனதை உறுத்துகிற பலவற்றுக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பதால் நான் இதில் கூடுதல் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

கொப்பியில் ஒரு பக்கத்தை நடுவால் பிரித்து, இடப்பக்கம் 'கடமை', வலப்பக்கம் 'தானம்' என்று எழுதுங்கள். அம்மாவின் மருந்து, நீங்களே பொறுப்பெடுத்த தங்கையின் மகளின் படிப்பு, கடையில் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்கிய சாமான் எல்லாம் இடப்பக்கம். இவற்றைத் தானத்தில் சேர்த்தால் 'இவ்வளவு கொடுக்கிறேன், இன்னும் கேட்கிறார்களே' என்ற சலிப்பு வரும். தாய்க்கு மருந்து வாங்குவது வீட்டுச் செலவு.

அடுத்தது கூலி. கச்சான் பிடுங்கவோ வளவு துப்பரவாக்கவோ வருகிற அக்காவுக்கு ஊரில் போகிற கூலியைவிட நாளுக்கு 300 ரூபா குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மாதம் 10 நாள் வேலை என்றால் மாதத்துக்கு 3,000, வருடத்துக்கு 36,000 ரூபா. தைப்பொங்கலுக்கு அவருக்கு 3,000 ரூபாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, நன்றாகக் கொடுத்தோம் என்று நினைக்கிற வீடுகள் ஊரில் உண்டு. அந்தச் சேலையை விடுங்கள், கூலியைச் சரிப்படுத்துங்கள். அவர் யாரிடமும் கைநீட்டாமல் தன் பிள்ளைக்குத் தானே சேலையோ சட்டையோ எடுப்பார்.

மூன்றாவது, பழைய கடன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலோ மெனிக் பாம் முகாமிலோ யாரோ தந்த கைமாத்து பலரின் மனதில் இன்னும் கிடக்கிறது. 2012இல் முகாம் மூடி ஆட்கள் ஊர் ஊராகப் பிரிந்துபோனதில் தந்தவரும் எங்கோ போய்விட்டார். தெரிந்தவர்களிடம் விசாரித்துத் தேடுங்கள். கிடைத்தால் அவரிடமே கொடுங்கள். அந்த உறுத்தலுக்கு வேறு நூறு பேருக்குச் சோறு போட்டாலும் ஆறுதல் வராது, ஏனென்றால் அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்குச் சேர வேண்டியது.

3. வீட்டுக் கணக்கை எழுதித் தொகையைக் கண்டுபிடியுங்கள்

இப்போதுதான் எண்கள். உதாரணத்துக்குக் கைக்கு 80,000 ரூபா வருகிற ஒரு வீட்டை எடுப்போம். கடன் தவணை 18,000. சாப்பாடு 30,000. கரண்ட், தண்ணி, போன், பெற்றோல் 9,000. பிள்ளைகளின் படிப்பு 8,000. அம்மாவின் மருந்து 4,000. மொத்தம் 69,000, மிச்சம் 11,000.

இந்த 11,000இல் முதலில் 4,000ஐ அவசரக் காசாக ஒதுக்குங்கள். ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவளவு சேரும்வரை இதில் கைவைக்கக் கூடாது. இது இல்லாத வீடு முதல் காய்ச்சலுக்கே நகையை அடகு வைக்கும். அடகுக்கு வட்டி ஏறினால் பிறகு கொடையும் போய், நிம்மதியும் போய்விடும்.

மிச்சம் 7,000. அதில் 4,000 கொடைக்கு, 3,000 வீட்டாரின் வசதிக்கு. கொடைக்குப் போகிறது வருமானத்தில் 5 வீதம். கடன் தவணை இன்னும் பெரிதாக இருந்தால் 1 வீதத்தில் தொடங்குங்கள். வருடம் முழுக்க நிற்கிற 800 ரூபா, 2 மாதத்தில் நின்றுபோகிற 10,000ஐவிட வாங்குகிற பிள்ளைக்குப் பயன். அதை நம்பி ரியூசனுக்குப் பெயர் கொடுக்கலாம்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழோ முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழோ வயல் செய்கிறவர்களுக்கு மாதக் கணக்கு பொருந்தாது. காலபோக அறுவடை முடிந்து தை, மாசியில் கணக்குப் பாருங்கள். விதைநெல்லை எடுத்து வையுங்கள், உரக்கடைக் கடனும் வெட்டு மெசின் கூலியும் கட்டுங்கள், வீட்டுச் சாப்பாட்டு நெல்லை மூடை கட்டுங்கள். அதன்பிறகு மிஞ்சுகிறதில்தான் பங்கு. களத்தில் நெல் குவிந்திருக்கிறதைப் பார்த்து வாய்விட்டு வாக்குக் கொடுக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. கடைக்காரருக்குக் கட்டிய பிறகு அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

4. கொடைத் தொகையை மூன்று உறைகளில் போடுங்கள்

முதல் உறை நிலையான உதவிக்கு: ஒரு பிள்ளை அல்லது ஒரு வீடு, மாதாமாதம். 4,000இல் 2,500 இதற்கு.

இரண்டாவது உறை படலைக்கு வருகிறவர்களுக்கு, 800. மூன்றாவது இடருக்கு, 700. இடர் உறையைச் செத்த வீடு, வெள்ளம், விபத்து தவிர வேறு எதற்கும் திறக்க வேண்டாம். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, அந்த மாதச் சம்பளத்தில் எதுவும் மிஞ்சாத நேரத்தில்தான் எல்லோரும் கொடுக்க வேண்டி வந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தவர்களால் மட்டும் கடன்படாமல் கொடுக்க முடிந்தது.

உறை என்று சொன்னது உண்மையான கடித உறையைத்தான். வங்கிக் கணக்கில் ஒன்றாகக் கிடந்தால் மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

5. வசதிக்கு ஒதுக்கியதை வசதிக்கே செலவழியுங்கள்

பலருக்கு இது கொடுப்பதைவிடக் கடினம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சமைத்தால் வாசம் வேலியைத் தாண்டிப் போகுமே என்று யன்னலைச் சாத்துகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த 3,000ஐ ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன்னை முற்றாக ஒறுத்துக் கொடுக்கிறவர் களைத்துப்போவார். களைத்தவர் நிறுத்துவார். அவர் நிறுத்தும்போது உயர்தரம் இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஒரு பிள்ளை பாதியில் நிற்கும்.

வசதி எது, காட்டிக்கொள்ளல் எது என்று பிரிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் பிள்ளை படிக்கிற அறைக்கு ஒரு மின்விசிறி வசதி. மருந்து பழுதாகாமல் வைக்க ஒரு பிறிட்ஜ் வசதி. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வருவது வசதி. இவற்றில் குறைக்க வேண்டாம்.

குறைக்க வேண்டியது மண்டபம் எடுத்து, ட்ரோன் வீடியோ பிடித்து, கடன்பட்டுச் செய்கிற சாமத்தியச் சடங்கு. வெளிநாட்டுக் காசில் பக்கத்து வீட்டார் செய்தார்கள் என்பதற்காக உள்ளூர்ச் சம்பளத்தில் இதைச் செய்ய வெளிக்கிட்டு 2 வருடம் எழும்ப முடியாமல் கிடக்கிற வீடுகள் இருக்கின்றன. சடங்கை வீட்டிலேயே நெருங்கிய சொந்தத்தோடு செய்தாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. இந்த விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

6. படலையில் கேட்கும்போது

இரண்டாவது உறையில் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "தம்பி, இந்த மாசத்துக்கு ஒதுக்கினது முடிஞ்சுபோச்சு. வாற மாசம் பத்தாம் திகதிக்குப் பிறகு ஒருக்கா வாங்கோ."

'காசே இல்லை' என்று சொல்லாதீர்கள். முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும், உள்ளே ரீவி கேட்கும். வந்தவருக்குப் பொய் என்று தெரியும், உங்களுக்கும் தெரியும். மறுத்ததைவிட அந்தப் பொய்தான் இரவில் உறுத்தும். திகதி சொன்னால் அந்தத் திகதியில் வீட்டில் இருங்கள்.

அநேகமாக யாரும் தானமாகக் கேட்க மாட்டார்கள். "அக்கா, ஒரு ரெண்டாயிரம் கைமாத்தா இருக்குமோ, அறுவடையோட தந்திடுவன்" என்றுதான் கேட்பார்கள். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கேட்கிற முறை அது. அதைக் கெடுக்க வேண்டாம், "திருப்பித் தர வேண்டாம்" என்று பெரிய மனதோடு சொல்லவும் வேண்டாம். உங்கள் கொப்பியில் மட்டும் 'கொடுத்தது' என்று எழுதுங்கள். திரும்பி வந்தால் அதே உறைக்குள் போடுங்கள். வராவிட்டால் வீதியில் கண்டால் வழக்கம்போலக் கதையுங்கள். இழந்தால் தாங்க முடியாத தொகையைக் கைமாத்தாகக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் காசோடு அயலும் போய்விடும்.

கிழமைக் கடன் கட்டக் கேட்டு வந்தால் கொஞ்சம் உட்கார வைத்துக் கதையுங்கள். வன்னியில் பல பெண்கள் ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொன்று எடுத்தவர்கள். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தது. அதன் பிறகும் இந்தச் சுழல் நிற்கவில்லை. ஒரு தவணையை நீங்கள் கட்டினால் அடுத்த கிழமை மீண்டும் அதே ஆள் அதே முகத்தோடு நிற்பார். எத்தனை இடத்தில் எவ்வளவு, வட்டி என்ன, யார் பிணை என்று அவரோடு இருந்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் தடவையாக முழுக் கணக்கையும் பார்க்கும்போதே பலருக்கு அடுத்தது என்ன செய்வது என்று பிடிபடும். உங்கள் காசை அந்த வீட்டு அரிசிக்கோ பிள்ளையின் பஸ் காசுக்கோ கொடுங்கள்.

7. நிலையான உதவிக்கு வீட்டைத் தெரிவுசெய்தல்

அழுகிறவரைத் தெரிவுசெய்வது வழமை. வாய்திறந்து கேட்கத் தெரியாத வீடுதான் அதிகம் கஷ்டப்படும். பாடசாலை அதிபர், மாதர் சங்கத் தலைவி, கிராம அலுவலர் மூவரிடமும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு பேராவது ஒரே வீட்டைச் சொன்னால் அங்கே போங்கள். ஒருவர் சொல்லை மட்டும் கேட்டால் அவருடைய சொந்தக்காரர் முன்னுக்கு வரலாம்.

போன முதல் நாள் காசு கொடுக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு அரசிடமிருந்து வர வேண்டியது வருகிறதா என்று பாருங்கள். 2023 ஆடியில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது தகுதி இருந்தும் விடுபட்ட வீடுகள் உண்டு. 2025 தொடக்கம் மிக வறிய குடும்பத்துக்கு அதில் மாதம் 17,500 ரூபா வரை கிடைக்கும். உங்கள் 2,500ஐ விட ஏழு மடங்கு. விண்ணப்பம் நிரப்ப, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக, வரிசையில் நிற்க ஒரு நாள் லீவு எடுங்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவுகளையும் அப்போதே கேட்டறியுங்கள். செயலக வாசல் ஏறவே கூச்சப்படுகிற ஒரு அம்மாவுக்கு, பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது பெரிய உதவி.

படிப்புக்கு என்றால் பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. கொப்பி, புத்தகப் பை, ரியூசன், பஸ் காசுதான் பெற்றோருக்குப் பாரம். அதைக் கேட்டறிந்து கொடுங்கள். ஆளுக்காள் புத்தகப் பை கொடுத்து, ஒரு வீட்டில் 4 பையும் ஒரு கொப்பியும் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆடு, கோழி கொடுக்க விரும்பினால் காலம் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை அடைமழை. தகரக் கொட்டிலில் நனைந்து நிற்கிற புது ஆடு நோய்ப்பட்டுச் சாகும். மாசி, பங்குனியில் கொடுங்கள், கொட்டில் போடுகிற காசையும் சேர்த்துக் கொடுங்கள், கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஊசி போட்ட பிறகு ஒப்படையுங்கள். தையல் மெசின் கொடுக்குமுன் அந்த ஊரில் எத்தனை மெசின் தூசி பிடித்துக் கிடக்கிறது என்று எண்ணுங்கள்.

படம் எடுக்காதீர்கள். ஒரு தடவை சிறுவர் இல்லமொன்றில் பிறந்தநாள் மதியச் சாப்பாடு. பிள்ளைகள் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, கமரா சரியாகும்வரை சோற்றைத் தொடாமல் இருந்தார்கள். சிறிய ஒருவன் விரலால் பருப்பைத் தொட்டு நக்கப் பக்கத்தில் இருந்தவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். சோறு ஆறிப்போனது. கணக்குக் காட்ட வேண்டும் என்றால் கடைப் பற்றுச்சீட்டு போதும்.

8. வெளிநாட்டிலிருந்து வருகிற காசு

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற மாமா "ஊரில ஆருக்கும் குடு" என்று அனுப்பினால் அதற்குத் தனிக் கொப்பி, தனி உறை. உங்கள் கொடையில் அதைச் சேர்க்காதீர்கள். கலந்தால் அவர் காசில் நீங்கள் பெயர் வாங்கிய மாதிரி இருக்கும், அல்லது உங்கள் காசு அவர் கணக்கில் மறையும். போக்குவரத்துச் செலவை அதிலிருந்து எடுப்பதென்றால் முதலே அவரிடம் சொல்லி எடுங்கள்.

9. எல்லாம் செய்தும் உறுத்தினால்

2009இல் முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தவர்களுக்கு வேறொரு உறுத்தல் இருக்கிறது. என் பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கத்துப் பங்கரில் இருந்தவரின் பிள்ளைகள் இல்லை. புது வீட்டுக்கு மாபிள் பதிக்கும்போதும் மகளுக்குக் கல்யாணம் பேசும்போதும் அது வரும். அதைக் காசால் தீர்க்கப் பார்க்கிறவர்கள் கடன்பட்டுக் கொடுப்பார்கள், கொடுத்த பிறகும் அது அப்படியே இருக்கும். எந்தத் தொகையும் அதற்குக் காணாது, ஏனென்றால் நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை.

வைகாசியில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் நினைவு நாளில் அன்னதானம் கொடுப்பதும் நல்லது. அதற்கு வருடத் தொடக்கத்திலேயே ஒரு தொகை வையுங்கள். காசைவிட, பிள்ளையை இழந்த அந்த வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கதைத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் பெயரைக் கேட்க ஆளில்லாத வீடுகள் அவை. நித்திரை வராமல், வேலை ஓடாமல் மாதக்கணக்கில் இழுத்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

10. வருடத்துக்கு ஒருமுறை திருத்துதல், தேவையானால் நிறுத்துதல்

2022 புரட்டாதியில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 வீதத்தைத் தொட்டது. முந்தின வருடம் ஒரு பிள்ளைக்கு என்று வைத்த தொகை அப்போது பாதிப் பெறுமதிக்கு வந்திருந்தது. கொடுத்தவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை, வாங்கியவர்கள் வாய்திறக்கவில்லை. எனவே தைமாதம் கொப்பியைத் திறந்து சம்பளம், விலைவாசி, அந்த வீட்டின் நிலை மூன்றையும் மீண்டும் பாருங்கள். அவசரக் காசு நிரம்பியிருந்தால் அந்த 4,000இல் ஒரு பங்கைக் கொடைக்குத் திருப்பலாம்.

உங்கள் வீட்டிலேயே வருத்தமோ வேலை இழப்போ வந்தால் குறைக்கலாம், நிறுத்தலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் பிழை. பிள்ளை வீதியில் உங்களைக் கண்டு ஒதுங்கும், தான் ஏதோ குற்றம் செய்ததாக நினைக்கும். ஒரு பாடசாலைத் தவணைக்கு முன்னரே நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளையின் முன்னால் வேண்டாம், தாயிடம் சொல்லுங்கள். அதிபரிடமும் சொன்னால் அவர் வேறொருவரைத் தேட நேரம் இருக்கும். பொறுப்பெடுக்க ஒருவர் கிடைத்தால் உங்கள் கொப்பியில் அந்தப் பிள்ளைக்குரிய பக்கங்களைப் பிரதியெடுத்து அவரிடம் கொடுங்கள். எந்த ரியூசன், எவ்வளவு, எந்தத் திகதியில் கட்ட வேண்டும் என்று அவர் திரும்பக் கேட்டுக்கொண்டு திரியத் தேவையில்லை.